மருந்து அறைக்கு ஒரு மெஷின்

ஸ்ரீபெரும்புதூர்
12.9.2008

அன்புள்ள அப்பாவுக்கு எழில் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உங்கள் இருமல் குறைந்ததா? அம்மா எப்படி இருக்கிறார்கள்?

எங்கள் செல்போன் கம்பெனிக்குப் புது மெஷின் வந்திருக்கிறது. அந்த அறை வாசலில் சிவப்புப் போர்டைப் பார்த்ததும், உங்களோடு பட்டாசு ஆலைக்கு வந்த பழக்கத்தில், உரசித் தீப்பிடித்துவிடுமே என்று செருப்பைக் கழற்றிவிட்டேன். "இது என்ன கோயிலாம்மா?" என்றார் சூப்பர்வைசர். எல்லோரும் சிரித்தோம்.

நாங்கள் கண்ணால் பார்த்துக் கழிக்கிற பழுதை அது கேமராவால் கண்டுபிடிக்கிறது. எது நல்லது, எது பழுது என்று அதற்குக் காட்டிக் கொடுத்ததே நாங்கள்தான். இப்போது எங்களில் பாதிப் பேரை நிறுத்திவிட்டார்கள். என்னை நிறுத்தவில்லை, பயப்படாதீர்கள்.

மெஷின் மேல் எனக்குக் கோபமில்லை அப்பா. உட்கார்ந்து பார்க்கிற வேலைக்குக் கொண்டுவந்தவர்கள், நீங்கள் வெடிமருந்து கலக்கிற அறைக்கு ஏன் ஒன்று கொண்டுவரவில்லை? "வந்துச்சுன்னா நாங்க எங்கிட்டுப் போறது தாயி?" என்பீர்கள்.

அம்மாவிடம் சொல்லிக் கொஞ்சம் பருப்புப்பொடி அனுப்புங்கள். கம்பெனி பஸ் வந்துவிட்டது. தீபாவளி சீசன் முடிகிறவரை, தினமும் வேலைவிட்டு வந்ததும் அண்ணன் போனிலிருந்து ஒரு மிஸ்டு கால் கொடுங்கள். நான் எடுக்க மாட்டேன். மணி அடித்தால் போதும்.

உங்கள் மகள்,
எழில்