நூறிலிருந்து ஏழு ஏழாக

நிலவின் மறுபக்கம், மூன்றாம் பனிச் சுரங்க நிலையம்
மனநலச் செவிலியர் சி. அங்கவையின் பணிப் பதிவு

நாள் 61. 18:05

இன்று நான் சொல்லாதது: மிக்கேல் அண்ணன் காலையில் தெளிவாக இருந்தார் என்பது.

பூமித் தொடர்பு வழக்கம்போல் 17:00 முதல் இருபது நிமிடம். டாக்டர் சுலோசனா, "மிக்கேலுக்கு எப்படி இருக்கு?" என்றார். "மாற்றமில்லை, டாக்டர்" என்றேன். அவர் குறித்துக்கொண்டார்.

நிலையத்தில் பதினொரு பேர். பத்துப் பேர் நலம். மிக்கேல் தூத்துக்குடிக்காரர், வயது நாற்பத்து நான்கு, வெல்டர். நாள் 57-இல் அமைதி அறையின் சுவர்களுக்கு மெத்தை ஒட்டினார். பதற்றத்தில் யாரும் தலையை மோதிக்கொள்ளாமல் இருப்பதற்கான அறை அது; என் மேசைக்குப் பக்கத்தில், கண்ணாடிக்கு அந்தப்புறம். அன்று மாலை சுவரெல்லாம் எறும்பு என்று கத்தினார். தேதி கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அன்றிலிருந்து அவருக்குப் படுக்கை அந்த அறையில்தான். நான் அவருடைய கோப்பைத் திறந்தேன். அவருடைய அண்ணனுக்கு மனச்சிதைவு நோய், இருபது வருடச் சிகிச்சை. ஒப்படைப்புத் தாளில், நோய் என்ற கட்டத்தில் 'மனச்சிதைவு' என்று எழுதினேன். பிறகுதான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். நிறையப் படிக்கிறவர்களுக்கு வரும் கெட்ட பழக்கம் இது.

இன்று ஆள் போதவில்லை என்று தலைவர் வைத்திலிங்கம் அவரைத் துணையோடு வெளியே குழாய் வேலைக்கு அனுப்பினார். விண்வெளி உடையின் ரேடியோவில் ஒரு சோதனை வைத்தேன்: நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்க வேண்டும். குழம்பிய மூளையால் முடியாது. அவர் நிற்காமல் இறங்கி வந்தார். கடைசியில் சொன்னது ஒலிப்பதிவில் இருக்கிறது: "ரெண்டுல வந்து நிக்கு சிஸ்டர். இனி ஏழ எங்க போயி எடுக்க?"

சிரித்தேன். உள்ளே வந்தார், அமைதி அறையில் மெத்தை ஓரங்களை வெட்டிச் சரிசெய்ய உட்கார்ந்தார். நாற்பதாவது நிமிடம் எறும்பு வந்துவிட்டது.

தாளில் எழுதினேன்: மாற்றமில்லை.

நாள் 62. 11:30

09:00. மிக்கேல் உடை அறைக்குள் ஓடி ஒரு ஹெல்மெட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மூன்று பேர் இழுத்தார்கள். அமைதி அறையில் பூட்டச் சொன்னார் வைத்திலிங்கம். பூட்டியது நான்.

இன்டர்காம் பதிவு, 10:15:

"சிஸ்டர், நா ஒட்டுன ரூமுக்குள்ளயே என்னயப் போட்டுப் பூட்டிட்டியளே. நல்லாத்தான ஒட்டிருக்கேன்? மண்ட ஒடயாது."

"எறும்பு இருக்கா அண்ணே?"

"கருவாட்டுக் கூடைல மொய்க்குமே, அந்த மாரி மொய்க்கு. தொப்பியப் போட்டா போயிருது சிஸ்டர். நா பொய்யா சொல்லுதேன்? ஒரு தொப்பி குடுங்க. உங்களுக்கு எழுதத்தான் தெரியும், எந்திரிச்சு வந்து பாக்கத் தெரியாது."

முதலாம் ஆண்டு மாணவிக்கும் தெரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். மனச்சிதைவு மெல்ல வரும். அதில் பெரும்பாலும் காதில் குரல் கேட்கும். நாள், இடம் நினைவிருக்கும். டெலிரியம் உடலுக்குள் போன ஏதோ ஒன்றால் திடீரென்று வரும். கண்ணில் பூச்சிகள் தெரியும், நாளும் கிழமையும் கலையும், தெளிவு வந்து வந்து போகும். முன்னதற்கு வருடக்கணக்கில் மருந்து. பின்னதற்குக் காரணத்தைக் கண்டுபிடித்து நீக்க வேண்டும், உடனே. இரண்டையும் மாற்றி எழுதினால் நோயாளி சாகலாம்.

மிக்கேலுக்கு வந்தது திடீரென்று. தெரிவது பூச்சி. உடைக்குள் சுத்தமான ஆக்சிஜனைச் சுவாசிக்கும்போது தெளிகிறது.

11:10-க்கு அமைதி ஊசி போட்டேன். டாக்டர் எழுதிய அளவு. நான் எழுதிய நோய்க்கு.

நாள் 63. 17:40

பசை. இன்று கிடங்குப் பட்டியலில் பார்த்தேன். உள்சுவர்ப் பசை தீர்ந்திருந்தது. வெளிச்சுவர்ப் பசையை வைத்து ஒட்டச் சொன்னது வைத்திலிங்கம். வெளியே வெற்றிடத்தில் அது ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். மூடிய அறையில் காயாமல் ஆவியாக வந்துகொண்டே இருக்கும். காற்றுச் சென்சார் அளப்பது ஆக்சிஜன், கரியமில வாயு, ஈரம். மூன்றும் பச்சை.

இன்டர்காம் பதிவு, 14:20, வைத்திலிங்கத்தோடு:

"சார், காத்தை முழுசா மாத்திப் பாக்கலாமா? எனக்கே இங்க பலாப்பழ வாசனை வருது."

"வந்தா சந்தோஷப்படுங்க சிஸ்டர். இந்த ஊர்ல வேற எங்க கிடைக்கும் பலாப்பழம்?"

"இல்ல சார், அந்தப் பசை..."

"மூணு நாள் சுரங்கத்தை நிறுத்தணும். சென்சார் பச்சை. உங்க மூக்கு அதைவிட ஒசத்தியா? அவனுக்கு மனச்சிதைவுன்னு எழுதினது யாரு, நானா?"

இல்லை என்றேன்.

இங்கே ஒப்படைப்புத் தாள் ஆளின் பேரில் இல்லை, படுக்கையின் பேரில் இருக்கிறது. நேற்றைய நோய் இன்றைய கட்டத்தில் தானாகவே விழும். நான் கையெழுத்து மட்டும் போட வேண்டும். மாற்றுவதானால் 'முந்தைய பதிவு தவறு' என்று எழுதி, அதை முதலில் எழுதியவரின் பெயரையும் குறிப்பிட வேண்டும். அது பூமியில் செவிலியர் குழுவின் விசாரணைக்குப் போகும். இது என் முதல் பணி.

16:50-க்கு 'முந்தைய பதிவு தவறு' என்று எழுதினேன். 16:58-க்கு அழித்தேன். 17:00-க்கு டாக்டரிடம், மாற்றமில்லை.

அமைதி அறைக்கும் என் மேசைக்கும் ஒரே காற்றுக்குழாய். அதனால் என்னையும் சோதித்துக்கொள்கிறேன். 100, 93, 86, 79, 72, 65, 58, 51. போதும். நான் நன்றாக இருக்கிறேன்.

நாள் 64. 13:10

11:35-க்கு மிக்கேலின் மூச்சு நின்றது. கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். தூங்குகிறார் என்று நினைத்தேன். ஊசி போட்டால் தூங்குவார்கள்.

இன்டர்காம் பதிவு, 10:50. அவருடைய கடைசிப் பேச்சு:

"சிஸ்டர், இன்னைக்கு என்ன கெழம?"

"வியாழன் அண்ணே."

"எங்க அண்ணனயும் இப்பிடித்தான் பூட்டி வச்சாக. அவனுக்கு நெசமாவே சீக்கு. எனக்கு இல்ல. உங்களுக்குத் தெரியும்லா?"

அப்போது 11:10 ஊசியைத் தாளில் பதிந்துகொண்டிருந்தேன்.

"தெரியும்லா சிஸ்டர்?"

"தூங்குங்க அண்ணே."

12:20-க்குத் தாள் வந்தது. இறந்தவருடைய கட்டத்திலும் மனச்சிதைவு தானாக விழுந்திருந்தது. கையெழுத்துப் போட்டேன். எட்டாவது கையெழுத்து.

நாளை சொல்லிவிடுவேன். எல்லாவற்றையும், பெயரோடு. அமைதி அறைக் கதவு இப்போது திறந்து கிடக்கிறது. வாசனை கூடியிருக்கிறது.

100, 93, 86, 78, 71, 64, 57. சரி. பிழையில்லை.

நாள் 65. 15:00 அல்லது 16:00

எறும்பு இல்லை என்று எனக்குத் தெரியும். மேசை ஓரத்தில் வரிசையாகப் போவது எறும்பு இல்லை. இல்லாததை எண்ணக்கூடாது. நாற்பது வரை எண்ணினேன்.

மிக்கேல் அண்ணன் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். எழுந்து போகச் சொன்னேன். மெத்தை ஓரம் வெட்ட வேண்டுமாம்.

டாக்டரிடம் சொல்ல வேண்டியதைக் கையில் எழுதி வைத்தேன். பசை. பசை. இரண்டு தடவை எழுதியிருக்கிறேன், ஏன் என்று தெரியவில்லை. எறும்புகள் கையெழுத்திலிருந்து தொடங்குகின்றன, எட்டுக் கையெழுத்தையும்

17:00 வந்ததா? பேசினேனா? வைத்திலிங்கம் வாசலில் நின்று பார்க்கிறார். பேசியிருக்கிறேன்.

100, 93, 83, 93, 100

நாள் 66. 16:40

உடை அறையில் இருக்கிறேன், உள்ளே தாழிட்டு. ஹெல்மெட் போட்டு ஐம்பது நிமிடம் ஆகிறது. எப்படி வந்தேன் என்று நினைவில்லை. கால்கள் மிக்கேல் போன வழியில் கொண்டுவந்து விட்டிருக்கின்றன.

100, 93, 86, 79, 72, 65, 58, 51, 44, 37, 30, 23, 16, 9, 2.

இரண்டில் வந்து நிற்கிறது.

எறும்பு இல்லை. இந்தப் பதிவைக் கண்டெடுப்பவருக்கு, தெளிந்த அறிவோடு எழுதுகிறேன். அந்தோணி மிக்கேலுக்கு மனநோய் எதுவும் இல்லை. பசை ஆவியால் டெலிரியம். ஆவியும் நான் போட்ட ஊசியும் சேர்ந்து மூச்சை நிறுத்தின. மனச்சிதைவு இல்லை என்று நாள் 61-லேயே எனக்குத் தெரியும். வெட்கத்தினால் சொல்லவில்லை. முந்தைய பதிவு தவறு. எழுதியவர் அங்கவை.

அமைதி அறையில் யாரையும் அடைக்காதீர்கள். மெத்தையைக் கிழித்து எடுத்து, காற்றை மாற்றுங்கள்.

ஆக்சிஜன் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு வரும். தொடர்பு 17:00-க்கு.

நாள் 66. 17:14

தொடர்பின் பதிவு, உடை அறைத் திரையிலிருந்து. வைத்திலிங்கமும் இணைப்பில்:

"டாக்டர், மிக்கேலுக்கு வந்தது மனச்சிதைவு இல்லை. டெலிரியம். மெத்தைப் பசையோட ஆவி. முதல்ல தப்பா எழுதினது நான்தான்."

"அங்கவை, எதுக்கு ஹெல்மெட் போட்டுட்டு உக்காந்திருக்கீங்க?"

"உள்ள காத்துல விஷம் இருக்கு, டாக்டர்."

"சரிம்மா. நேத்து என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா? எறும்பு என் கையெழுத்தைத் திங்குதுன்னு அழுதீங்க."

"அதுவும் இதாலதான் டாக்டர். இப்ப தெளிவா இருக்கேன். ஏழு ஏழா எண்ணிக் காட்டட்டுமா?"

"வேண்டாம்மா. வைத்திலிங்கம், சென்சார் என்ன காட்டுது?"

"பச்சை, டாக்டர். மிக்கேலும் கடைசில இப்படித்தான் தொப்பி தொப்பின்னு நின்னான். சிஸ்டர் அவன்கூடவே உக்காந்து உக்காந்து அவன மாதிரியே ஆயிடுச்சு."

"டாக்டர், தயவுசெஞ்சு காத்தை மட்டும் சோதிக்கச் சொல்லுங்க."

"மனச்சிதைவுன்னு எட்டு நாள் நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க, அங்கவை. ஒரு நாள்கூட சந்தேகம்னு எழுதலையே. நான் எந்த அங்கவையை நம்பறது? கழட்டிட்டு வாங்க. தூங்கினா சரியாயிடும்."

அவர் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

கதவை வெளியிலிருந்து திறக்கிறார்கள். மூன்று பேர். ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறேன். இதையும் அறிகுறி என்றுதான்

ஒப்படைப்புத் தாள். அமைதி அறை, படுக்கை 1. பதிபவர்: வைத்திலிங்கம்

நாள் 66. 17:50. சி. அங்கவை சேர்க்கப்பட்டார். நோய்: மனச்சிதைவு. டாக்டர் சொன்னபடி ஊசி போடப்பட்டது. சென்சார்: பச்சை.

நாள் 67. 09:00. மாற்றமில்லை.

நாள் 68. 12:15. மூச்சு நின்றது. நோய்: மனச்சிதைவு.

நாள் 69. 10:00. படுக்கை காலி. உள்பக்கம் நகத்தால் கிழிக்கப்பட்டிருந்த மெத்தைக்கு மறுபடியும் பசை பூசி ஒட்டப்பட்டது. அறை தயார்.