ஒரு பல்லுக்கு நல்ல தண்ணீர்

1973 ஜூலை 9

குழாயில் இன்றும் தண்ணீர் வரவில்லை. மே மாதம் ஜம்மு மலையடியில் சத்தியராஜ் சாரின் ஆராய்ச்சிக் குழுவோடு வெட்டி எடுத்த மண், இரண்டு சாக்கு, முற்றத்தில் அப்படியே கிடக்கிறது. ஐந்து கோடி வருஷத்து மண். கரைத்துச் சலித்தால் கடுகளவுப் பற்கள் கிடைக்கும். அதில் ஒன்று ஆதிக் குரங்கினத்தின் பல்லாக இருந்தால், குழுவில் எனக்கு நிரந்தர இடம். சாரே சொல்லியிருக்கிறார். இல்லையென்றால் காலம் முழுக்கக் கல்லூரியில் தவளை அறுக்க வேண்டியதுதான்.

ஜூலை 14

இரண்டு குடம் தண்ணீரை மண்ணில் ஊற்றிவிட்டேன். ஜீவமணி அண்ணி ஆடித் தீர்த்துவிட்டாள். "ஏளா கிருபா, பிள்ளையளுக்குக் குளிக்கத் தண்ணியில்ல. நீ மண்ணைக் குளிப்பாட்டுதியா?"

அவள் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் இன்னும் எரிகிறது. அண்ணன் வீட்டில் ஒண்டியிருப்பவள் தண்ணீருக்கு வாய் திறக்க முடியுமா?

ஜூலை 15

அண்ணன் வழி சொன்னான். முத்துக்குளிப்பு நடந்தபோது கரையில் குமாஸ்தாவாக இருந்தவன். "சிப்பிய அழுகப்போட்டுக் கடல்தண்ணியிலதான அலசி முத்தெடுத்தாவ? முத்துக்கு ஆவும், உன் குரங்குப் பல்லுக்கு ஆவாதோ?"

எனக்கு ஏன் இது தோன்றவில்லை!

"சர்ச்சுல மட்டும் குரங்குப் பல்லுன்னு சொல்லிராத" என்று சிரித்தான்.

ஜூலை 21

முழங்கால் அளவு கடலில் நின்று இரண்டு சாக்கையும் சலித்து முடித்தேன். வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ரோச் என்பவர் பார்த்துக்கொண்டே இருந்தார். "டீச்சரம்மா, இங்கன முத்து கெடையாது. காய்ச்சல்தான் வரும்" என்றார். இடுப்பு முறிந்துவிட்டது. ஆனாலும் சந்தோஷம்.

ஆகஸ்ட் 30

காய்ந்த மண்டியைக் கல்லூரி நுண்ணோக்கியில் வைத்துப் பொறுக்குகிறேன். மீன் பல், முதலைப் பல். மறுபடி மீன் பல்.

செப்டம்பர் 12

கிடைத்துவிட்டது.

கடைவாய்ப் பல். தாழ்ந்து உருண்ட மேடுகள், துளியும் தேயாத எனாமல். பூச்சிதின்னிக்கு இப்படி இருக்காது. புத்தகப் படங்களோடு வைத்து வைத்துப் பார்த்தேன். அதேதான். படம் வரைந்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. வீட்டுக்கு வந்து அண்ணியிடம் சொல்லி அழுதேன்.

"நல்லாருக்கட்டும். அரிசி களைஞ்சியா?" என்றாள்.

செப்டம்பர் 29

சார் பதில் போட்டிருக்கிறார். தபாலில் அனுப்ப வேண்டாம், உடைந்துவிடுமாம். கிறிஸ்துமஸுக்குச் சொந்த ஊரான சாத்தான்குளம் வரும்போது நேரில் பார்க்கிறாராம். அடுத்த பயணத்தில் நான் உண்டு. எழுதியே விட்டார்!

மருந்துக் குப்பியில் பஞ்சு வைத்துப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 27

பல்லின் மேல் வெள்ளையாக என்னவோ பூத்திருக்கிறது. தூரிகையால் தட்டினேன். போய்விட்டது.

நவம்பர் 6

மறுபடியும் பூத்திருக்கிறது. தூரிகையை நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

உப்பு.

நவம்பர் 9

நல்ல தண்ணீரில் ஊறவைத்தேன் — உப்பை எடுக்க வேறென்ன வழி? எனாமல் சில்லுகள் தனியே கழன்று கிடந்தன. அடியில் மாவு. பல் இல்லை.

முத்துக்கு ஆவுமாம்! முத்தும் பல்லும் ஒண்ணா? உள்ளே ஊறின உப்பு காயும்போது பிளக்கும்னு அண்ணனுக்குத் தெரியாது, சரி. நான் எம்.எஸ்ஸி. படிச்சவதானே? இந்த ஊர்ச் சுவரெல்லாம் உப்புப் பூத்து உதிருதே, தினம் அதைத்தானே பெருக்கித் தள்ளுதேன்? எங்க போச்சு என் புத்தி? அலசினதோட ஒரு குடம் நல்ல தண்ணி ஊத்தியிருந்தா போதுமே. ஒரே ஒரு குடம்.

நவம்பர் 10

அண்ணனோடு பேசவில்லை. அவனுக்குக் காரணமும் தெரியாது.

டிசம்பர் 26

சார் வந்தார். குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நான் வரைந்த படத்தையும் பார்த்தார்.

"எதுல அலசுனீங்க?"

"கடல்ல சார்."

அவர் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. "நீங்க பொய் சொல்லுதீங்கன்னு நான் நினைக்கல. ஆனா நானே பாக்காத பல்லை எப்படி எழுத? படம் யாரும் வரைஞ்சிரலாம்லா?"

அண்ணி கொண்டுவந்த முறுக்கைத் தின்றார். பிள்ளைகளின் படிப்பை விசாரித்தார். வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் சொன்னார்: "வர்ற மே மாசம் ஆள் கொறைச்சலாத்தான் போறோம்."

சரி சார் என்று கும்பிட்டேன். கும்பிட்ட கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

1974 மே 3

குழு புறப்பட்டிருக்கும். விடைத்தாள் திருத்துகிறேன்.

நவம்பர் 18

குழுவின் அறிக்கை அச்சாகி வந்திருக்கிறது. மீன் உண்டு, ஆமை உண்டு, முதலை உண்டு. மண் சலிக்க உதவியவர்களுக்கு நன்றி என்று கடைசியில் என் பெயரும் உண்டு. அதற்குமேல் ஒரு வரி: "குரங்கினத்தின் எச்சம் எதுவும் இம்மண்ணில் கிடைக்கவில்லை."

என் உள்ளங்கையில் இருந்ததே. இருந்ததே!

நவம்பர் 20

இரண்டாம் ஆண்டுக்கு ஆதிக் குரங்கினங்கள் பாடம். முன்பெஞ்சு வடிவம்மாள் எழுந்து, "அவ்வளவு பழசு நம்ம நாட்டுல எங்கயாவது கிடைச்சிருக்கா மிஸ்?" என்று கேட்டாள்.

ஜம்மு மலையடியில் தேடினார்கள், எதுவும் கிடைக்கவில்லை என்றேன்.

எழுதிக்கொண்டார்கள்.