முதல் நாய், பேந்து உலை

டிரெய்லர் விற்றுப் போய்விட்டது. நேற்று மாலை உன் மனைவி தொலைபேசியில் சொன்னார். சனிக்கிழமை காலை ஷெர்ப்ரூக்கிலிருந்து ஒருவர் வந்து, தன் வண்டியில் கொளுவி இழுத்துக்கொண்டு போவார். இது உறுதியான செய்தி. உன் நாய்கள் இரண்டும் இனி எங்கே இருக்கும் என்பது மட்டும் இன்னும் உறுதியாகவில்லை. அதைப் பற்றி யாரோடாவது பேச வேண்டும் போலிருந்தது, மச்சான். கேட்க வேண்டிய ஆள் நீ ஒருவன்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை கர்க்லாண்டில் உன் வீட்டுக்குப் போயிருந்தேன். டிரெய்லரை வெறுமையாக்க உன் மனைவி உதவி கேட்டிருந்தார். டிரெய்லர் கதவைத் திறந்ததும் அந்த மணம் முகத்தில் அடித்தது. நனைந்த நாய் மயிர், அவித்த கோழி, எங்கேயோ ஒரு மூலையில் கொஞ்சம் ஆற்று உப்பு. கொளுக்கியில் தொங்கிய உன் சட்டையிலும் அதே மணம்தான். நீ தனியாக எந்த மணத்தையும் விட்டுப் போகவில்லை. கதவின் உட்புறம் அந்த நீளக் கயிறு சுருட்டித் தொங்கியது. செம்மஞ்சள் நிறம் வெளுத்து, இடையிடையே பல் பட்டுப் பிசிறியிருந்தது.

"இதை நீங்கள் கொண்டு போங்கோ அண்ணை," என்றார் உன் மனைவி. "வாங்குற ஆளுக்கு இது என்னத்துக்கெண்டு விளங்காது."

இப்போது அது என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. வீடு முழுக்க அந்த மணம்.

நீ ஊர் சுற்றத்தான் டிரெய்லர் வாங்கினாய் என்று உன் செத்தவீட்டில்கூட ஆட்கள் சொல்லிக்கொண்டு நின்றார்கள். நான் திருத்தவில்லை. நான் அறிந்த காரணம் வேறு. வெள்ளிக்கிழமைகளில் உங்கள் வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் இல்லை. சாமியறை இருக்கிற வீட்டில் அன்றைக்கு நாய்க்கென்றாலும் கோழி அவிக்க உன் மனைவி விடமாட்டார். நாய்கள் பேஸ்மென்ட் கதவால் வந்து அதே கதவால் போக வேண்டும், மேலே ஏறக் கூடாது என்பதும் அவர் போட்ட சட்டம். டோர்வல் விமான நிலையத்தில் உன்னோடு பொதி ஏற்றிய ஒருவர் தன் பழைய டிரெய்லரைத் தள்ளிவிட நினைத்திருந்தார். அதை இழுத்துவந்து வீட்டு முகப்பில் நிறுத்தினாய். அந்த வாரமே வெள்ளிக்கிழமைக் கோழி அதற்குள் அவிந்தது.

"நாய்க்கெண்டு சொல்லி நீயும் உள்ளை இருந்து சாப்பிடுறாய், என்ன?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மெல்லக் கதையடா, யன்னல் திறந்திருக்கு," என்றாய். உன் கையில் கோழிக்கால் இருந்தது.

மேல்மாடி யன்னலிலிருந்து உன் மனைவியின் குரல் வந்தது. "எனக்குத் தெரியும் அண்ணை. அதுக்குள்ளை மூண்டு நாய் எண்டுதான் நான் நினைச்சிருக்கிறன்."

நாய்களில் வீமன் கறுப்பும் வெள்ளையும். ஆடு மேய்க்கிற இனம். கர்க்லாண்டில் ஆடு இல்லாததால், வருகிற விருந்தாளிகளைச் சுற்றிச் சுற்றி வந்து ஒரு மூலையில் ஒதுக்கிவிடுவான். நீலிக்கு ஒரு கண் நீலம். பனியில் வண்டி இழுக்கிற இனம். இரண்டுக்கும் ஓடத்தான் தெரியும். ஓடாத நாளில் கடிக்கத் தெரியும். இந்த இரண்டையும் கொண்டுதான் நாங்கள் முதல் பயணம் போனோம். நீ, உன் மனைவி, நான்.

செயின்ட் லாரன்ஸ் ஆறு அகன்று கடலாக மாறுகிற பக்கத்தில், தென்கரையில் ஒரு முகாமிடம். பகல் முழுக்க நீ உன் வான் வண்டியை ஓட்டினாய். பின்னால் டிரெய்லர். வானின் பின்பக்கம் கூட்டுக்குள் நாய்கள். பெற்றோல் அடிக்க நின்றபோது மட்டும் இறக்கி, இரண்டடி நடத்தி, மறுபடி ஏற்றினோம். போய்ச் சேர்ந்ததும், நம் ஆட்கள் எங்கே போனாலும் முதலில் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். உலை வைத்தோம். நயாகராவுக்குப் போனாலும், மற்றவர்கள் நீர்வீழ்ச்சியைப் பார்க்க, வாகனத் தரிப்பிடத்தில் சோற்றுப் பானையைத் திறக்கிற கூட்டம் அல்லவா நாங்கள். மேசையில் அரிசி, பருப்பு, கத்தரிக்காய். நாய்கள் காலுக்குள் வந்து அடுப்பைத் தட்டிவிடும் என்று டிரெய்லருக்குள் விட்டுக் கதவைச் சாத்தினாய்.

"சமைச்சு முடிய அவிட்டு விடுவம்," என்றாய்.

குழம்பு கொதிக்கிற நேரம் டிரெய்லர் ஆடியது. ஆற்றுக் காற்று என்று நினைத்தோம். கதவைத் திறந்தபோது உள்ளே பனி கொட்டியது போலிருந்தது. மெத்தைகள் கிழிந்து பஞ்சு கூரைவரை பறந்தது. யன்னல் சீலை நீலியின் கழுத்தில் மாலையாகக் கிடந்தது. வீமனுக்குக் கதவின் அடிப்பலகையைக் கடித்துக் கடித்து வாய் முழுக்க இரத்தம்.

உன் மனைவி ஏசப் போகிறார் என்று நான் ஒதுங்கி நின்றேன். அவர் வீமனின் வாயைத்தான் பார்த்தார்.

"பாவங்கள். விடியத் துவக்கம் அடைச்சு வைச்சிட்டு, வந்து நிண்டு நாங்கள் எங்கடை வயித்துக்குச் சோறு அவிக்கிறம்," என்றார்.

அதற்குள் குழம்பு அடிப்பிடித்துவிட்டது. இருட்டும்வரை நீயும் நானும் ஆளுக்கொரு நாயோடு கரையில் நடந்தோம். திரும்பி வந்து ஆறிய சோற்றையும் கருகிய குழம்பையும் தின்றோம். மெத்தை இல்லாத பலகையில் படுத்துக்கொண்டு நீ சொன்னாய். "இனி இதுதான் சட்டம். முதல் நாய், பேந்து உலை."

முதலில் நாயை ஓட விட வேண்டும், பிறகுதான் உலை என்ற அந்தச் சட்டத்தை அதற்குப் பிறகு நீ மீறி நான் கண்டதில்லை. காலையில் டிரெய்லரைக் கொளுவ முன்னர் நாய்களின் நாக்கு வெளியே தொங்க வேண்டும். அதுவரை வான் நகராது. வழியில் பெற்றோல் நிலையத்தில் நிற்பதை நீ நிற்பதாகவே எடுக்கவில்லை. புல் இருக்கிற இடம் பார்த்து நிறுத்துவாய். அவித்த கோழியை நகக்கண் அளவு பிய்த்துப் புல்லுக்குள் எறிவாய். இரண்டும் மூக்கை நிலத்தில் வைத்து அந்தப் புல்வெளியை உழுதுவிட்டு, வானில் ஏறியதும் உறங்கிவிடும்.

"மூக்குக்கு வேலை குடு. கால் தானாய் அடங்கும்," என்பாய். மழை நாளில் டிரெய்லருக்குள்ளேயே துவாய்களுக்குக் கீழே கோழியை ஒளித்துத் தேட விடுவாய். கால் வைக்க இடமில்லாத அந்தப் பெட்டிக்குள் நாங்கள் மூவரும் கட்டிலில் கால்களைத் தூக்கிக்கொண்டு இருப்போம்.

முகாமிடங்களில் நாயை அவிழ்த்துவிட முடியாது. அதற்குத்தான் கழுத்துப் பட்டியில் கட்டுகிற நீளக் கயிறு. காலையில் கடலோடு சேர்ந்து ஆறும் வற்றி, கரை வெகுதூரம் வெறுமையாகக் கிடக்கும். கரையின் இந்த முனையில் நீ நிற்பாய். மறுமுனையில் நான். நீ கூப்பிட்டால் நாய் உன்னிடம் பறந்து வரும். நான் கூப்பிட்டால் என்னிடம். கயிறு சேற்றில் பாம்பு போல இழுபடும். வந்த நாய்க்கு ஒரு துண்டு கோழி, ஒரு தடவல், பிறகு மற்றவன் குரல்.

"வயசு போன ரெண்டு பேருக்குப் பொருத்தமான விளையாட்டு மச்சான்," என்றாய். "ஓடுறது அவை. கத்துறது நாங்கள்."

கத்தல் கொஞ்சநஞ்சமில்லை. ஒருநாள் பக்கத்து முகாமில் இருந்த கியூபெக்காரர் ஒருவர் கோப்பிக் குவளையோடு இறங்கி வந்து, உங்கள் இருவருக்கும் என்ன சண்டை என்று பணிவாகக் கேட்டார். நீ என்னைக் காட்டி, "இவர் பத்திரிகைக்காரர், மெல்லக் கதைக்கத் தெரியாது," என்று உன் உடைந்த பிரெஞ்சில் சொன்னாய்.

போன கோடையில் கடைசியாகப் போனோம். உனக்கு மருந்து ஏற்றுவதில் ஓர் இடைவெளி விட்டிருந்தார்கள்.

"டொக்டர் ஓம் எண்டிட்டார்," என்றாய்.

உன் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு நான் வெளிக்கிடத் தயாரில்லை. உன் மனைவியிடம் கேட்டேன்.

"ஓம் எண்டு சொல்லேல்லை அண்ணை. வேண்டாம் எண்டும் சொல்லேல்லை," என்றார். "உங்கடை சிநேகிதன் அதை ஓம் எண்டு கேட்டிட்டு வந்திருக்கிறார்."

வானை நான்தான் ஓட்டினேன். நீ பக்கத்தில் இருந்து புல் இருக்கிற இடங்களைக் காட்டிக்கொண்டு வந்தாய். நிறுத்தினால் நீ இறங்கவில்லை. யன்னலைத் திறந்து அங்கிருந்தே கோழியை எறிந்தாய். கை வீச்சு வரவரக் குறைந்து, துண்டுகள் வானுக்குக் கிட்டக் கிட்ட விழுந்தன. நாய்கள் தேட ஒன்றும் இல்லாமல் உன் யன்னலை அண்ணாந்து பார்த்தன.

அடுத்த நாள் காலை மடக்குக் கதிரையைக் கரையில் போட்டு உன்னை இருத்திவிட்டு, நான் என் முனைக்கு நடந்தேன். வீமனைக் கூப்பிட்டேன், வந்தான். இனி உன் முறை. நீ கூப்பிட்டதை நான் பார்த்தேன். வாய் அசைந்தது. குரல் பாதி வழிக்கும் வரவில்லை. வீமன் என்னையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்தான். மறுபடி வாய் அசைந்தது. அவன் என் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

டிரெய்லர் வாசலில் நின்ற உன் மனைவி இறங்கி வந்தார். அத்தனை வருடமாக நாய் தொட்டால் கை கழுவுகிறவர். உன் கதிரைக்குப் பின்னால் நின்று, உன் தோளில் ஒரு கையை வைத்து, உன் வார்த்தையை அப்படியே எடுத்துக் கூப்பிட்டார்.

"வீமா! இஞ்சை ஓடி வா ராசா! நீலி! எங்கையடி நிக்கிறாய்?"

இரண்டும் பறந்தன. உன் மடிக்குத்தான் போயின. நீ தலையைத் தடவினாய், அவர் கூப்பிட்டார். வெயில் ஏறும்வரை அப்படி ஓடியது. அன்று சோறு பிந்தித்தான் அவிந்தது. நீ சாப்பிடவில்லை.

ஆஸ்பத்திரியில் நான் உன்னைக் கடைசியாகப் பார்த்த அன்று, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாய். "ரெண்டும் ஒண்டாய் இருக்கட்டும் மச்சான். பிரிக்க விடாதை."

"பாப்பம்," என்றேன்.

"உறுதிப்படுத்தாமல் ஒண்டும் சொல்லமாட்டாய், என்ன?" என்று சிரித்தாய். அதற்குப் பிறகு நாங்கள் வேறு ஏதோ கதைத்தோம்.

நீ போனதிலிருந்து காலையில் நான்தான் போய் அவற்றை ஓட வைக்கிறேன். அது போதவில்லை. பேஸ்மென்ட் கதவின் அடிப்பலகை போய்விட்டது. உன் மனைவி இப்போது மேல்கதவைத் திறந்துவிட்டிருக்கிறார். போன வெள்ளிக்கிழமை நீலி சாமியறை வாசலுக்குக் குறுக்கே படுத்திருந்தாள். உள்ளே விளக்கு எரிந்தது. அவர் அவளைத் தாண்டிக் காலை வைத்து உள்ளே போய்ப் பூ வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை, டிரெய்லரை ஒதுக்கிய பிறகு, கயிற்றையும் எடுத்துக்கொண்டு பக்கத்துப் பூங்காவுக்குப் போனோம். இலை எல்லாம் கொட்டி, நிலம் இறுகிக் கிடந்தது. நான் ஒரு முனையில் நின்றேன். நாய்களைக் கூப்பிட்டேன், வந்தன, கோழி கொடுத்தேன். கொடுத்ததும் இரண்டும் தாமாகவே திரும்பி மறுமுனைக்கு ஓடின. அங்கே யாரும் இல்லை. அங்கே நின்று திரும்பி, காதை நிமிர்த்திக்கொண்டு காத்திருந்தன. என்னைப் பார்த்தல்ல. யாரும் நிற்காத ஓர் இடத்தைப் பார்த்து.

உன் மனைவி அந்த முனைக்கு நடந்து போனார். கரையில் கூப்பிட்டது போலக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். வாயைத் திறந்தார். அன்று உன் வாய் அசைந்தது போலவே அசைந்தது. குரல் வரவில்லை. நாய்கள் அவர் முன்னால் உட்கார்ந்து, அவர் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தன.

திரும்பி நடக்கும்போது சொன்னார். "என்னாலை ஏலாது அண்ணை. அதுகளை அடைச்சு வைச்சு நான் சமைக்கிறதும் ஏலாது. உங்களோடை வரட்டும். இல்லாட்டி யாரும் பாக்கிற ஆக்களிட்டைப் போகட்டும்."

பார்க்கிற ஆட்கள் என்று தேடியதில் ஒருவர்தான் அகப்பட்டார். உன்னோடு டோர்வலில் வேலை செய்தவர். அவருக்கு வீமன் போதும். நீலியை எடுக்க இடமில்லை என்கிறார். அப்படியானால் நீலி நாய்க் காப்பகத்துக்குத்தான்.

என் வீடு உனக்குத் தெரியும். கார்ட்டியர்வில்லில் மூன்றாம் மாடி, வெளியே வளைந்து ஏறுகிற இரும்புப் படி. குளிர்காலத்தில் உறைபனிப் படியில் நானே கைபிடியைக் கட்டிப்பிடித்துத்தான் இறங்குகிறேன் என்று நீ பகிடி பண்ணுவாய். வாடகை ஒப்பந்தத்தில் நாய் கூடாது. கீழே இருக்கிற வீட்டுக்காரரிடம் செவ்வாய்க்கிழமை போய்க் கேட்டேன்.

"ஒன்றா?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

"இரண்டு," என்றேன்.

படியைப் பார்த்தார். பிறகு என் முழங்காலைப் பார்த்தார். வீடு தன் அக்காவின் பெயரிலும் இருப்பதாகவும், கேட்டுவிட்டுத் திங்கட்கிழமை சொல்வதாகவும் சொன்னார். முகத்திலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. எத்தனையோ அதிகாரிகளின் முகத்தைப் பார்த்துச் செய்தி ஊகித்தவன் நான். இந்த மனிதரிடம் தோற்றுப் போனேன்.

இன்று காலை எழுந்து வழக்கம் போலக் கேத்தலை எடுத்துத் தண்ணீர் பிடித்தேன். கதவுக்குப் பின்னால் கயிறு கண்ணில் பட்டது. கேத்தலை அடுப்பில் ஏற்றாமல் பக்கத்தில் வைத்துவிட்டேன். இதை எழுதி முடித்ததும் கர்க்லாண்டுக்குப் போக வேண்டும். உன் முனையில் யாரும் நிற்கப் போவதில்லை. ஆனாலும் அவை ஓடும், ஓடிப்போய் அங்கே நிற்கும்.

டிரெய்லர் சனிக்கிழமை போகிறது. வீமனைக் கேட்டவரும் திங்கள்வரை பொறுத்திருக்கிறார். வீட்டுக்காரரின் பதில் திங்கட்கிழமை வரும். "ரெண்டும் ஒண்டாய்" என்று நீ கேட்டதற்கு அன்றுதான் என்னால் ஓம் என்றோ இல்லை என்றோ சொல்ல முடியும். அடுப்பு இன்னும் மூட்டவில்லை.