பதினோரு அடியில் தண்ணீர்

ஜூன் 3

அன்புள்ள சுண்டெலிக்கு,

ஐம்பத்தெட்டு வயதுக்காரனை இப்படிக் கூப்பிடாதே என்று போன கடிதத்திலும் சண்டை போட்டிருந்தாய். சரி, அறுபது ஆகட்டும், யோசிக்கிறேன்.

கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். இரண்டு ஓரமும் இருட்டிவிட்டது, ஏதோ குழாய்க்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பது போல இருக்கிறது என்றேன். "அந்தக் குழாயும் சின்னதாகிட்டேதான் வரும்மா. இனிமே தனியா இருக்காதீங்க" என்றார். சுற்றி வளைக்காத மனிதர். வீட்டுக்கு வந்து ஒரு மூச்சு அழுதேன். அப்புறம் டீ போட்டேன். டீ நன்றாகத்தான் வந்திருந்தது.

இப்போது விஷயம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் என் பக்கத்து போர்டில் என்னைப் போலவே நாளெல்லாம் 'ஹலோ' சொல்லிக்கொண்டிருந்தவள் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். அங்கே ஒரு கட்டில் காலியாம். ஜூலை 31 வரை எனக்காக வைத்திருப்பார்கள். இன்னொரு இடம் உன் வீடு. உன் அத்தான் போனதிலிருந்து நானும் தனிக்கட்டை, நீ பிறந்ததிலிருந்தே தனிக்கட்டை. ஆனால் நீ அந்த வீட்டை வாங்கி இரண்டு வருஷம் ஆகியும் "வா" என்றும் சொல்லவில்லை, "வராதே" என்றும் சொல்லவில்லை. வாசலில் குளம் இருக்கிறது என்று மட்டும் சொல்லியிருக்கிறாய்.

குளத்தங்கரையில் குடியிருப்பதில் என்ன நல்லது, என்ன கெட்டது? ஒளிக்காமல் எழுது. பெரிதாக எழுது.

ஹலோ அக்கா


ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

இதைப் பட்டறையில் உட்கார்ந்து, வண்டி நம்பர் தகடு எழுதும் தூரிகையால் எழுதுகிறேன். ஒரு தாளில் ஆறு வரிதான் பிடிக்கிறது. உறை வயிறு புடைத்து வந்தால் பயந்துவிடாதே.

கெட்டது: கொசு. இதற்கே தனியாக ஒரு கடிதம் எழுதலாம். ஈரத்தில் கதவெல்லாம் ஊதிப்போய், குளியலறைக் கதவை ஒரு முறை சாத்தினால் திறக்கத் தோள் கொடுக்க வேண்டும். துண்டு காய்வதே இல்லை. உப்பு தண்ணீராகிவிடுகிறது. வெயில் ஏறினால் பாசி நாற்றம் சமையலறைவரை வரும். நத்தைகள் சுவரேறுகின்றன. செருப்பு அலமாரியில் பாம்புச் சட்டை கிடந்தது. சட்டைதான், ஆளைக் காணவில்லை. மூலைக்கு மூலை பிளாஸ்டிக் பை மிதக்கும். ஜன்னலைத் திறந்தால் தவளைச் சத்தம்.

எல்லாவற்றையும்விடப் பெரியது இது. வாசல்படியிலிருந்து காலை எடுத்து வைத்தால் பதினோரு அடியில் தண்ணீர். சுவர் கிடையாது, வேலி கிடையாது, தரை வேறு சரிவு. நான் எட்டு மணிக்குப் போனால் ஆறு மணிக்குத்தான் திரும்புவேன்.

நல்லது: காற்று வரும். எதிரே யாரும் மாடி கட்டி மறைக்க முடியாது.

ஒன்று விட்டுப்போயிற்று. காலை ஏழரை மணிக்கு வெயில் குளத்தில் பட்டு, முன்னறைக் கூரை முழுக்க வெளிச்சமாய் அலையடிக்கும். ஒரு நாளாவது அதைப் பார்க்காமல் நான் வேலைக்குக் கிளம்பியதில்லை. எழுதிய பிறகுதான் யாருக்கு எழுதுகிறேன் என்று உறைத்தது. அடித்தால் மை பரவும், அதனால் விட்டுவிட்டேன். மன்னித்துக்கொள்.

உன் தம்பி


ஜூன் 15

அன்புள்ள சுண்டெலிக்கு,

கூரையில் அலையடிக்கிறதா? அதைத்தான் நான்கு தடவை படித்தேன். மன்னிப்பும் கின்னிப்பும் எதற்கு? குழாய் இன்னும் அடைத்துவிடவில்லை.

கெட்டதை எண்ணினேன், பத்து. நல்லது, கூரை வெளிச்சத்தோடு சேர்த்து மூன்றே மூன்று. இவ்வளவு பாடுபட்டு அங்கே ஏனடா குடியிருக்கிறாய்? உன் கணக்கில் ஏதோ இடிக்கிறது.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். நீ அங்கே கண்ணால் மட்டும் குடியிருக்கிறாய். நான் முப்பத்தோரு வருஷம் காதை வைத்துச் சோறு தின்றவள். லைன் கொடுத்ததும் மறுமுனையில் மூச்சு விடுவதை வைத்தே சாவுச் செய்தியா, கல்யாணச் செய்தியா என்று சொல்லிவிடுவேன். எனக்குக் குளத்தைக் காதால் எழுது. தினமும் பத்து நிமிஷம் கண்ணை மூடி வாசலில் உட்கார். என்ன கேட்கிறதோ அதை எழுது.

இன்னொன்று. நீ பயப்படுகிறாய் என்று தெரிகிறது. அப்பா குளியலறையில் விழுந்தபோது நீ கடைக்குப் போயிருந்தாய். வீட்டில் இல்லாதவன் என்ன செய்வான்? இருபது வருஷமாக அதையே தூக்கிக்கொண்டு அலையாதே.

ஹலோ அக்கா


ஜூன் 27

அன்புள்ள அக்காவுக்கு,

முதல் இரண்டு நாள் ஒன்றும் கேட்கவில்லை. பஸ் ஹாரன், யாரோ வாய் கொப்பளிப்பது, அவ்வளவுதான். கண்ணை மூடினால் தூக்கம் வேறு வந்தது.

மூன்றாம் நாள் தண்ணீருக்கு இரண்டு குரல் இருப்பது தெரிந்தது. வலப்பக்கம் கல்படியில் 'சளப் சளப்' என்று தட்டுகிறது. இடப்பக்கம் கோரைப்புல்லுக்குள் போய்க் கிசுகிசுக்கிறது. ஒரே காற்று, ஒரே தண்ணீர். கண்ணைத் திறக்காமலே எது கிழக்கு, எது மேற்கு என்று விரலை நீட்டிச் சொல்லிவிடலாம். மீன் காற்றுக்காக வாயைத் திறப்பதற்குக்கூட ஒரு சத்தம் இருக்கிறது, அக்கா. சின்னக் குழந்தை முத்தம் கொடுப்பது போல.

முந்தாநாள் மழை வந்தது. மழை வந்தது என்று இதுவரை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், அது வருவதைக் கேட்டதில்லை. முதலில் அக்கரையில் ஆயிரம் பேர் காகிதம் கசக்குவது போல ஒரு சத்தம். நான் உட்கார்ந்த இடத்தில் ஒரு துளி இல்லை. அந்தச் சத்தம் குளத்தின் மேல் நடந்து என்னை நோக்கி வந்தது. எண்ணினேன். ஒன்பது எண்ணியதும் என் தலையில் விழுந்தது. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கொடியில் துணி கிடந்தது, எழுந்து எடுக்கத் தோன்றவில்லை. அவ்வளவு பெரிய ஒன்று நடந்து வரும்போது எப்படி எழுந்து போவது?

மழை விட்டதும் தவளைகள். ஒன்று ஆரம்பிக்கிறது, அடுத்தது பிடித்துக்கொள்கிறது, கரை முழுக்கச் சுற்றிவருகிறது. பிறகு யாரோ ஸ்விட்சை அணைத்தது போல மொத்தமும் நிற்கிறது. இரண்டு வருஷமாக ஜன்னலைச் சாத்திக்கொண்டு இதையா தொல்லை என்று சொன்னேன்? என்னை என்ன செய்தால் தகும்!

கவனித்தாயா? தவளைகள் தண்ணீர் ஓரத்திலேயே வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. அந்தச் சத்தம் எங்கே ஆரம்பிக்கிறதோ அங்கே நின்றுவிட்டால் போதும். வேலி கிடைத்துவிட்டது! ஞாயிற்றுக்கிழமை சோதித்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

உன் தம்பி


ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். மூக்கு மட்டும் ஒழுகுகிறது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு வாசல்படியிலிருந்து இறங்கினேன். எதிரே தவளைகள் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தன. சத்தத்தைக் குறிவைத்து நடந்தேன். நான்கடி போனதும் எதிரே இருந்தவை நின்றுவிட்டன, இரு பக்கமும் மட்டும் கத்தின. ஓ, திசை மாறிவிட்டோம், கரை அந்தப் பக்கம் போலிருக்கிறது என்று தைரியமாக நேரே நடந்தேன். குளத்துக்குள் போய்விட்டேன்.

மார்பளவுத் தண்ணீர். ஏறத் தெரியவில்லை. துண்டை அவிழ்க்கவும் தோன்றவில்லை, அப்படியே நின்றேன். கொஞ்ச நேரத்தில் என் காதுக்கு ஒரு சாண் தூரத்தில் ஒன்று ஆரம்பித்தது. அப்புறம் முதுகுப் பக்கம். அப்புறம் எல்லாமும். அக்கா, அந்தச் சத்தத்தின் நடுவில் நான் நின்றேன். தண்ணீர் அதிர்வது என் விலா எலும்பில் தெரிந்தது. நான் யார், என்ன வேலை செய்கிறேன், எதற்கு வந்தேன் எல்லாம் போய்விட்டது. கோயிலில்கூட எனக்கு இப்படிக் கண்ணில் தண்ணீர் வந்ததில்லை.

திடீரென்று வலப்பக்கம் மட்டும் ஓசை அடங்கியது. யாரோ வருகிறார்கள் என்று பேச்சு வரும் முன்பே தெரிந்துவிட்டது. ராத்திரி டியூட்டி முடிந்து வந்த பக்கத்து வீட்டு நர்ஸம்மா.

"என்ன சார், கண்ணைக் கட்டிக்கிட்டு குளத்துல நிக்கிறீங்க? இந்த வயசுல இது என்ன விளையாட்டு?"

"எங்க அக்கா வரலாம்மா. அவங்களுக்குக் கண்ணு சரியில்ல. அதான் எப்படி இருக்கும்னு பார்த்தேன்."

"அதுக்கு? அவங்களையும் இப்படி இறக்கி விடறதா உத்தேசமா? கையக் குடுங்க முதல்ல."

சிரித்தாயிற்றா? இப்போது கெட்டதில் பதினொன்றாவதைச் சேர்த்துக்கொள். நெருங்கிப் போனால் வாயை மூடிக்கொள்ளும் வேலி இது. நம்பி நடக்க முடியாது. நான் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. நன்றாக யோசித்து நீயே ஒரு முடிவெடு.

உன் தம்பி


ஜூலை 14

அன்புள்ள சுண்டெலிக்கு,

கையெழுத்து மாறியிருக்கிறதே என்று பார்க்காதே. சொல்வது நான், எழுதுவது மேல்வீட்டுக் கணக்கு டீச்சர். உன் நம்பர் தகடு எழுத்துகூட இப்போது ஒவ்வொன்றாகத்தான் குழாய்க்குள் வருகிறது. கூட்டிப் படிப்பதற்குள் முதல் எழுத்து மறந்துவிடுகிறது. நீ குளத்துக்குள் போன இடத்தில் டீச்சர் சிரித்துவிட்டு மன்னிப்புக் கேட்டார். நான் அவருக்கு முன்பே சிரித்துவிட்டேன்.

ஆனால் தண்ணீருக்குள் நின்றாயே, அந்த இடத்தை இரண்டாம் முறை படிக்கச் சொன்னேன். நீ தவளையைக் கேட்கப் போனாய், அத்தனையும் உன்னைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கின்றன. உன் ஒவ்வோர் அடியும் அந்தக் கரை முழுக்கத் தெரிந்திருக்கிறது. எவ்வளவு பெரிய விஷயம்! இந்த வயதில் எனக்கு இப்படி ஒன்றைக் கேட்கக் கொடுத்தாயே, நீ நன்றாக இருக்க வேண்டும்.

டீச்சரிடம் உன் மூன்று கடிதங்களையும் கொடுத்து, அதில் "வா" என்று எங்காவது இருக்கிறதா என்று தேடச் சொன்னேன். அவர் கணக்கு டீச்சர், விடாமல் தேடினார். இல்லை.

எனக்குக் கோபமில்லை. வருத்தம் இருக்கிறது, இல்லை என்று சொன்னால் பொய். இல்லத்துக்கு எழுதிப் போட்டுவிட்டேன். 31ஆம் தேதி காலை வண்டி அனுப்புவார்கள். நீ குளத்தைப் பற்றி எழுதிக்கொண்டே இரு. அங்கேயும் யாராவது படித்துக்காட்டுவார்கள்.

ஹலோ அக்கா


ஜூலை 30, ரயிலில்

அன்புள்ள அக்காவுக்கு,

இதைத் தபாலில் போடப்போவதில்லை. டீச்சரோ, இல்லத்தில் இருப்பவர்களோ இதைப் படிக்கக் கூடாது. நானே உன் எதிரில் உட்கார்ந்து படிக்கப் போகிறேன். எழுதி வைக்காவிட்டால் வாய் குழறிப் பாதியில் வேறெதையாவது பேசிவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பா விழுந்த அன்று நான் கடைக்குப் போகவில்லை. வீட்டில்தான் இருந்தேன். ரேடியோவில் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. 'தொம்' என்று சத்தம் கேட்டது. பக்கத்து வீடு என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதும் பொய், அப்படி நினைத்துக்கொள்ள எனக்கு வசதியாக இருந்தது. ரேடியோவைக் கூட்டி வைத்தேன். ஆட்டம் முடிந்துதான் போய்ப் பார்த்தேன். அரை மணி நேரம் அவர் ஈரத் தரையில் கிடந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் "வந்துட்டியாப்பா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்கப்புறம் இருந்த இரண்டு மாதமும் யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

உன்னிடம் கடை என்று சொன்னேன், நீ நம்பினாய். மூச்சை வைத்தே ஆளை எடைபோடுகிறவள் என்பதால் உன் பக்கத்தில் இருக்கவே பயந்தேன். கொசுவும் கதவும் பாம்புச் சட்டையும் இல்லாத வீடாக இருந்தாலும் உன்னை "வா" என்று கூப்பிட்டிருக்க மாட்டேன். நீ கேட்ட கெட்டதில் முதலாவதாக இதைத்தான் எழுதியிருக்க வேண்டும்.

இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், இந்த இரண்டு மாதத்தில் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. அக்கரையில் மீன் துள்ளினால் இங்கே நிமிர்ந்து பார்க்கிறேன். போன வாரம் தும்பி ஒன்று கோரையில் தன் பழைய தோலிலிருந்து வெளியே வந்ததை ஒரு மணி நேரம் குனிந்து பார்த்தேன். நசுங்கிக் கிடந்த இறக்கை ஈரத்தோடு மெல்ல மெல்ல விரிந்து கண்ணாடி போல ஆனது. இத்தனை நாளும் என் வாசலிலேயே இது நடந்திருக்கிறது. இதை ஓடிப்போய்ச் சொல்ல எனக்கு உன்னைத் தவிர ஆள் இல்லை என்று அப்போது தெரிந்தது.

வாசலிலிருந்து கல்படிவரை இடுப்பளவுக்குக் கம்பி போட்டாயிற்று. தண்ணீர்ப் பக்கமும் போட்டாயிற்று. நர்ஸம்மா கண்ணை மூடிக்கொண்டு அதைப் பிடித்து மூன்று தடவை நடந்து பார்த்து, சரி என்றார். தகடு எழுதும் வேலையை மதியத்துக்கு மேல் வீட்டிலேயே செய்ய முதலாளியிடம் கேட்டு வாங்கிவிட்டேன். காலையில் நான் இல்லாத நேரத்துக்கு நர்ஸம்மா இருக்கிறார். ரேடியோவை நம்பர் தகடு எழுதப் பழகும் பையனுக்குக் கொடுத்துவிட்டேன்.

நாளை அந்த வண்டி வரும். இதைக் கேட்ட பிறகு நீ அதில் ஏறிப் போனால் நான் தடுக்க மாட்டேன், பெட்டியைத் தூக்கி வைப்பேன். ஆனால் டீச்சர் தேடியும் கிடைக்காத சொல்லை நான் சொல்லியாக வேண்டும். வா, அக்கா. என்னோடு வந்து இரு. உனக்காக மட்டும் கேட்கவில்லை.

இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். பதிலைத் தபாலில் போடாதே. எதிரில்தான் இருக்கிறேன்.

உன் தம்பி