மேற்குச் சுவருக்குப் பிளாஸ்டிக் பெயின்ட்

அன்பு மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல மாடி வீட்டுத் தையல்காரம்மா எழுதுவது. கண் ஆபரேஷனுக்குப் பிறகு எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிகிறது, கால் வீக்கமும் வடிந்துவிட்டது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் மூச்சுக்கு முட்டில்லாமல் இருக்க வேண்டும். மூச்சு என்று ஏன் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

ஆற்றுப் பாலம் இடிந்து லாரி உள்ளே போனதே, நான் வேலை பார்த்த நூல் மில்லை இழுத்து மூடினார்களே, அந்த வருஷம் உனக்கு இரண்டு வயது, தம்பி பிறக்கவே இல்லை. மில்லை மூடும்போது இயந்திரத்துக்கு அடித்து மிஞ்சிய பச்சை ஆயில் பெயின்ட் இரண்டு டின்னைத் தூக்கி வந்தேன். பளபளவென்று இருக்கிறதே என்று உள் அறையின் மேற்குச் சுவருக்கு அடித்தும்விட்டேன். அது அடியிலிருந்து ஈரம் குடிக்கிற சுவர் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. மழை வந்ததும் சுவர் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, பின்னால் கறுப்பாகப் பூஞ்சை பிடித்தது. அதன் ஓரத்தில்தான் உன் தொட்டில் கிடந்தது. உன் நெஞ்சுக்குள் பூனை உறுமுகிற மாதிரி சத்தம். டாக்டரம்மா, மருந்து அப்புறம், முதல்ல சுவத்தப் பாருங்க என்று என்னைத் திட்டி அனுப்பினார். உன் அம்மா, பெரியப்பா, கொத்தனார் கட்டையன், நான், நாலு பேரும் மூன்று நாள் உட்கார்ந்து சுரண்டினோம். கட்டையன்தான் சொன்னான், அண்ணே, ஈரச் சுவத்துக்குச் சட்டை போடு, தோலை ஒட்டாத என்று. அன்றிலிருந்து அதற்கு, ஈரத்தை வெளியே விடுகிற சுண்ணாம்பைத் தவிர எதுவும் கிடையாது. பள்ளிக்கூட லீவில் வாளியைத் தூக்கி வந்து, நான் அடிக்கிறேன் என்று மல்லுக்கு நின்றவள் நீ.

போன மாதம் பேத்தி அறைக்கு எதை அடிக்கலாம் என்று போனில் கேட்டாய். சமையலறைக்குத் துடைத்தால் போகிற எமல்ஷன், உள்கூரைக்கு மினுக்கு இல்லாதது, குழந்தை அறைக்கு வாடை அடிக்காதது, அடித்த பிறகும் பத்து நாள் ஜன்னலைத் திறந்து போடு, இவ்வளவையும் சொன்னேன். எல்லாவற்றுக்கும் சரிப்பா, சரிப்பா என்றாய். அப்போதே இங்கே நடக்கப் போவது உனக்குத் தெரியும்.

கண் கட்டோடு அத்தை வீட்டில் பன்னிரண்டு நாள் இருந்துவிட்டுத் திரும்பினேன். வீடு முழுக்க வெளிர் மஞ்சள். நிறத்தைப் பார்த்து மயங்கிவிடுவேன் என்று நினைத்தீர்களோ என்னவோ. கண் மங்கிக் கிடந்த மூன்று வருஷமும் நான் இந்த வீட்டைக் கையால்தானே பார்த்தேன்? மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்தேன், மழைக்கோட்டுப் போட்டவன் முதுகு மாதிரி வழவழவென்று இருந்தது. தம்பியைக் கேட்டால், சும்மா பளிச்சுனு இருக்கட்டுமேன்னுதான்ப்பா என்று செருப்பைத் தேடுகிறான். (திருட்டுப்பயல் என்று நான் சொன்னதை இந்த அம்மா தம்பி என்று எழுதியிருக்கிறாள். படித்துக் காட்டச் சொல்லிப் பிடித்தேன். இருந்துவிட்டுப் போகட்டும்.)

ஞாயிற்றுக்கிழமை அவன் சிநேகிதன் குடும்பம் என்று ஒரு புருஷன் பெஞ்சாதி வந்தார்கள். அவள் இடுப்பில் கைக்குழந்தை. உள் அறைக்குப் போய், இங்க தொட்டில் போட்டுக்கலாம் என்று அந்தச் சுவரையே காட்டினாள். விருந்தாளி ஏன் தொட்டிலுக்கு இடம் பார்க்கிறாள்? நம் வீட்டுக்கு அடித்த பெயின்டர் அடுத்த தெருவில் வேலை செய்துகொண்டிருந்தான், போய்ப் பிடித்தேன். அவன் ஏணியை விட்டு இறங்காமலே சொன்னான், பெரியவரே, குடியிருக்கிறவன் அஞ்சு வருஷத்தப் பாப்பான், விக்கிறவன் அஞ்சு நிமிஷத்தப் பாப்பான், இந்தக் கலரையே உங்க பொண்ணுதான போன்ல பாத்துச் சொன்னாங்க, மேக்குச் சுவத்துக் கறைய மட்டும் நல்லா மூடிருங்கன்னாங்களே என்று.

தம்பி செய்ததற்குக்கூட எனக்கு மனம் ஆறிவிடும், அவனுக்கு அந்தச் சுவரைத் தெரியாது. வீட்டை விற்க வேண்டும் என்று என்னிடம் கேட்டிருக்கலாம். திட்டியிருப்பேன், நாலு நாள் பேசாமல் இருந்திருப்பேன், அப்புறம் சரி என்றிருப்பேன். கேட்கவில்லை. வளர்த்தவன் கண்ணையே கட்டினீர்கள். ஆனால் பத்திரத்துக்கு வேண்டிய கைநாட்டு என் விரலில்தான் இருக்கிறது. அந்தப் பெயின்டைச் சுரண்டி எடுத்து, அந்தப் பெண்ணிடம் ஈரத்தைச் சொல்லும் வரைக்கும் இந்த விரல் மையைத் தொடாது.

நன்றாக இரு அம்மா. கோபத்திலும் அதைத்தான் சொல்ல வருகிறது. பேத்திக்கு என் முத்தம், மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். இதைக் கண்டதும் அந்தக் கைக்குழந்தைக்காரிக்கு நீயே போன் செய். நான் சொன்னால், கிழவனுக்குக் கண்ணும் போச்சு புத்தியும் போச்சு என்று தம்பி முடித்துவிடுவான். சுரண்டின நாலு பேரில் பெரியப்பா முதலில் போனார், பிறகு உன் அம்மா, போன மழையில் கட்டையன். நானும் இன்றோ நாளையோ. அந்தச் சுவர் என்ன செய்யும் என்று நெஞ்சுக்குள் தெரிந்து மிச்சம் இருக்கிற உயிர் நீ ஒருத்திதான்.

இப்படிக்கு,
கீழே கட்டைவிரல் வைத்திருக்கும் உன் அப்பா