ஒரு பனையும் நான்கு வருசமும்

புளியங்கூடல்
03.02.2024

அன்பு மருமகன் கீர்த்திகனுக்கு,

இங்கே நான், பைரவி, மாடு கன்றுகள் எல்லோரும் சுகம். உமது சுகத்தை நயினை நாகம்மாள் அம்மன் பார்த்துக்கொள்ளட்டும்.

வேலிச் சண்டையில் ஆளை வெட்டின வழக்கில் இன்னும் நான்கு வருசம் மீதி இருக்கவே, உம்மை நிபந்தனையோடு வெளியே விடுகிறார்கள் என்று கடதாசி வந்தது. சும்மா வரவில்லை, மருமகன். கொழும்பில் ஒரு பெரியவரின் காதில் நான் போட்ட ஒரு சொல். என்ன சொல் என்று கேட்கக்கூடாது.

வெளியே நிற்கும்போது ஒரு சின்னக் குற்றம் செய்தாலும் திரும்ப உள்ளே என்று எழுதியிருக்காம். உமது பெண்சாதி பைரவி வாசித்துவிட்டு ஒரே அழுகை. "பிள்ளை, இந்தத் தீவில தம்பிராசாவின்ர மருமகனில கை வைக்க ஆர் இருக்கினம்?" என்று கேட்டேன். சிரித்துவிட்டாள்.

தாய்மாமன் நான் இருக்கிறேன், நேரே என் வீட்டுக்கு வாரும். குசினிக் கூரை மாற்ற வேணும், கைக்கு ஆளில்லை.

உமது மாமா,
தம்பிராசா

*

சிறைச்சாலை
19.08.2024

அன்புள்ள மாமாவுக்கு,

பைரவிக்கு வேறாக எழுதியிருக்கிறேன். இது உங்களுக்கு மட்டும்.

கூரைக்கு வளை வேணுமென்று அந்தப் பச்சைப் பனையைத் தறிக்கச் சொன்னபோது, "பச்சைப் பனை தறிக்க அனுமதிப் பெமிற் இருக்கோ மாமா?" என்று கேட்டனான். "எங்கட கிராம அலுவலர் விதானையார் வீட்டை கொண்டந்து தந்தவர், நீர் கோடாலியை எடும்" என்றீர்கள். பொலிஸ் வந்து கேட்டபோது பெமிற் இல்லை. அப்போதும், "கோட்டில குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டத்தைக் கட்டிப்போட்டு மத்தியானச் சோத்துக்கு வாரும், எல்லாரும் அப்பிடித்தான்" என்றீர்கள். ஒப்புக்கொண்டேன். மற்ற ஆட்களுக்கு அது தண்டத்தோடு முடிந்திருக்கும். என்னைப் பிடித்துத் திரும்ப இங்கே கொண்டுவந்துவிட்டார்கள்.

மீதி வருசங்களையும் நான் உள்ளே இருக்க வேணுமா என்று அடுத்த மாதம் விசாரணை. உங்களையும் கூப்பிடுவார்கள். "பெமிற் இருக்கெண்டு நான்தான் சொன்னனான், அவனுக்குத் தெரியாது." இந்த ஒரு வசனம் போதும் மாமா. வேறு ஒன்றும் சொல்ல வேண்டாம்.

கீர்த்திகன்

*

புளியங்கூடல்
14.09.2024

சிங்கக்குட்டி மருமகனுக்கு,

வெற்றி! நான் வாய் திறந்ததும் அந்த அறையில் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. விசாரித்த அம்மா பேனையைக் கீழே வைக்காமல் எழுதினா.

பக்கத்துக் கதிரையில் எங்கள் விதானையார். அந்த ஆளை வைத்துக்கொண்டு, அவர் எனக்குப் பெமிற் தரவில்லை, நான் கேட்கவுமில்லை என்று என் வாயால் சொல்லலாமோ? பிறகு ஊருக்குள் எப்படித் திரிவது? அதனால் அதைவிடத் திறமாகச் சொன்னேன்.

"என்ர மருமகன் பெமிற் கிமிற் எண்டு பாத்துக்கொண்டு நிக்கிற ஆளில்லை. நினைச்சால் நினைச்சதுதான். அண்டைக்கு வேலிச் சண்டையில கத்தி தூக்கேக்கையும் ஆறு பேர் பிடிச்சும் நிக்கேல்லை. பனையடியிலயும் நான் 'வேண்டாம் ராசா' எண்டு காலில விழாத குறை. அவன் கேட்டவனோ?"

"ஐயா, இது உண்மையோ?" என்று அந்த அம்மா திருப்பிக் கேட்டா.

"நாகம்மாள் அறிய உண்மை" என்றேன்.

"நீங்கள் ஒளிக்காமல் சொன்னது பெரிய உதவி" என்று எழும்பி நின்று கும்பிட்டா. விதானையார்கூட என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை, அவ்வளவு பயம்.

இனி யோசியாதேயும். தைப்பொங்கலுக்கு நீர் இங்கே நிற்பீர். பைரவிக்கும் சொல்லிவிட்டேன்.

உமது மாமா,
தம்பிராசா

*

சிறைச்சாலை
02.10.2024

மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான்கு வருசமும் உள்ளேதான் என்று நேற்றுச் சொன்னார்கள். நீங்கள் சொன்னது முழுவதையும் வாசித்துக் காட்டினார்கள். நான் கேட்ட வசனம் அதில் இல்லை.

பைரவியை மண்டைதீவுக்கு, தாய் வீட்டுக்குப் போகச் சொல்லி எழுதியிருக்கிறேன். இனி அங்கே போய் அவளோடு கதைக்காதேயுங்கோ. நான் எப்போது வருவேன் என்று ஏதாவது சொல்வீர்கள். அவள் நம்பிவிடுவாள்.

கீர்த்திகன்