செப்புச் சுருளின் மேல் போட்ட பழி

வில்லரே, மொன்றியல்
மே 9

அன்புள்ள மைக்கலுக்கு,

மாதாவின் துணையால் நீயும் சிசிலியும் கல்கரியில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே வீட்டில் திரேசம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. எனக்கு டோர்வலில் பழையபடி பெட்டி ஏற்றும் வேலைதான். உடம்புக்குக் குறையில்லை. மனம்தான் சரியில்லை, அதற்குக் காரணம் நீ.

போன ஞாயிறு உன் மகன் றொசான் வந்தான். தன் கலியாண விருந்துக்கு நான் பியர் காய்ச்சித் தரவேண்டும் என்றான். போன வருடக் கோயில் பங்கு விருந்தில் புளித்துப்போன பியருக்குப் பிறகு நான் பானையைத் தொடவில்லை, சாற்றை ஆறவைக்கும் என் செப்புச் சுருளை நம்பமுடியாது என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, அண்டைக்கு அப்பா சுருளைப் பாவிக்கவே இல்லை மாமா என்றான்.

அன்று, நீங்கள் கல்கரிக்குப் போகுமுன், இங்கே உன் வீட்டில் காய்ச்சிக்கொண்டிருந்தபோது என்னை அவசரமாக வேலைக்குக் கூப்பிட்டார்கள். கொதித்த பார்லி மோல்ட் சாற்றை உன்னை நம்பி விட்டுப் போனேன். சுருளைப் பானைக்குள் இறக்கி, அதற்குள் குழாய்த் தண்ணீரை ஓடவிடு, நன்றாக ஆறியதும் ஈஸ்டைப் போடு என்றேன். ஓம் அண்ணை, நான் பாக்கிறன் என்றாய். குழாய் மூட்டு ஒழுகியதாம். பானையைப் பல்கணிப் பனிக்குள் புதைத்துவிட்டு ஹொக்கி பார்க்க உட்கார்ந்தாயாம். சுற்றியிருந்த பனி உருகி விலகிவிட, சாறு பொழுதுபடும்வரை இளஞ்சூட்டிலேயே கிடந்திருக்கிறது. கெட்ட கிருமிக்கு வேறென்ன வேண்டும்?

பனிக்குள் வைத்தால் உடனே ஆறிவிடும் என்று நம்மவர் யாரும் நினைப்பார்கள். என்னிடம் சொல்லியிருந்தால் இருவரும் சிரித்துவிட்டுக் கொட்டியிருப்போம். நீயோ மண்டபத்தில் எல்லோரும் முகம் சுளித்தபோது எழுந்து, தட்டுக் கூலரை வாங்குவம் எண்டு நான் அப்பவே சொன்னனான், அண்ணை கேக்கேல்லை, அந்தச் சுருள்தான் கெடுத்தது என்றாய். நான் உன் பக்கத்தில்தான் நின்றேன்.

வாங்கும்போது எவ்வளவு வாதாடினோம்! சாற்றைத் தகடுகளுக்கிடையில் ஓடவிடும் தட்டுக் கூலர் வேகமாக ஆற்றும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்குள் கசப்புக்குப் போடும் ஹொப்ஸ் தூள் அடைத்தால் கண்ணுக்குத் தெரியாது. சுருளை வெளியே எடுத்துக் கழுவலாம், அழுக்கிருந்தால் தெரியும். சாமான் வாங்க இவ்வளவு யோசித்த நான், உன் விஷயத்தில் யோசிக்கவில்லை.

அன்று முதல் பங்கில் என் பெயர் சுருள் அண்ணை. பிள்ளைகள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். பியர் போனது போகட்டும் மைக்கல். நான் என் கையையே சந்தேகித்துக்கொண்டிருந்தேன், நீ பார்த்துக்கொண்டிருந்தாய். இது துரோகம். வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

றொசானுக்குச் சம்மதம் சொல்லிவிட்டேன். கலியாணம் ஜூலையில் என்பதால் ஜூன் தொடக்கத்தில் காய்ச்சவேண்டும். அப்போது குழாய்த் தண்ணீர் அவ்வளவு குளிராது. ஐஸ் வாளிக்குள் இன்னொரு சுருளை வைத்து, தண்ணீர் அதன் வழியாகக் குளிர்ந்து பானைச் சுருளுக்குப் போகும்படி செய்திருக்கிறேன். புது மூட்டும் வாங்கிவிட்டேன். ஒருவர் பானையடியில் நிற்க, மற்றவர் குழாயைப் பார்க்கவேண்டும். றொசான் தான் வருவதாகச் சொன்னான். மாப்பிள்ளைக்கு இது வேலையில்லை என்று மறுத்துவிட்டேன்.

மாதா உன் பிள்ளையின் கலியாணத்தைக் குறைவில்லாமல் நடத்தித் தரட்டும். நீ முந்தி, ஜூன் தொடக்கத்திலேயே வா. மண்டபத்தில் சொன்ன பொய்யை அதே ஆட்களுக்கு முன்னால் திருத்து. அதற்கு வாய் வராவிட்டாலும் வா. குழாயைப் பார்க்க நான் இன்னும் வேறு யாரையும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
உன்னால் சுருள் அண்ணையான
அருமைநாதன்